தனியார் தொழிலைப் படிக்க ஒரு சங்கம்: தொடங்குவதற்கு முன் முடிவு செய்ய வேண்டியவை

கேள்வியின் சுருக்கம்: கோவை, திருப்பூர் வட்டாரத்தைச் சேர்ந்த ஒன்பது பேர் தனியார் தொழில் முனைவைப் பற்றிய படிப்பையும் ஆய்வையும் வளர்ப்பதற்காக லாப நோக்கமில்லாத ஒரு சங்கம் தொடங்க நினைக்கிறார்கள். அவர்களில் கல்லூரி ஆசிரியர்கள், சிறுதொழில் நடத்துபவர்கள், ஓர் ஆடிட்டர் எல்லாரும் உண்டு. முன்மாதிரி இருக்கிறதா, எப்படிப் பதிவு செய்வது, பணத்துக்கு என்ன வழி, முதல் ஆண்டில் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறார்கள்.

பதில்:

உங்கள் நோக்கங்களில் "தொழில்முனைவோரின் குரலாக ஒலிப்பது" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். பதிவுக்குப் போகும் முன் அந்த வரியை எடுத்துவிடுங்கள். குரல் கொடுக்க வர்த்தக சபைகளும் உற்பத்தியாளர் சங்கங்களும் இருக்கின்றன. மின்கட்டணம், ஜிஎஸ்டி, ஏற்றுமதிச் சலுகை என்று உறுப்பினரின் நலனுக்காக அரசிடம் பேசுவது அவற்றின் நியாயமான கடமை. படிப்புக்கென்று தொடங்கும் சங்கத்தின் வேலை வேறு. தனியார் தொழில் எப்படி இயங்குகிறது, எந்த இடத்தில் ஊருக்கு நன்மை செய்தது, எந்த இடத்தில் கெடுதல் செய்தது, ஏன் அப்படி ஆனது என்று பார்த்து, கண்டதை எல்லாருக்கும் சொல்ல வேண்டும். இரண்டு வேலையையும் ஒரே அமைப்பு தலையில் போட்டுக்கொண்டால் அதன் ஆய்வை எதிர்த்தரப்பு படிக்கவே படிக்காது. வரிவிலக்கிலும் சிக்கல் வரும். அதைக் கீழே சொல்கிறேன்.

முன்மாதிரி நம் நாட்டிலேயே இருக்கிறது. மும்பையில் 1956-இல் ஏ.டி. ஷ்ராஃப் தொடங்கிய ஃபோரம் ஆஃப் ஃப்ரீ என்டர்ப்ரைஸ் அது. அது பிறந்த சூழலுக்கும் சென்னைக்கும் தொடர்பு உண்டு. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடுதான் "சோசலிச பாணி சமுதாயம்" என்பதைக் குறிக்கோளாகத் தீர்மானித்தது. அதே ஆண்டில் இம்பீரியல் வங்கி ஸ்டேட் பாங்க் ஆனது. 1956 ஜனவரியில் ஆயுள் காப்பீடு அரசின் கைக்குப் போனது, ஏப்ரலில் புதிய தொழில் கொள்கைத் தீர்மானம் வந்தது. நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஷ்ராஃப், அந்த ஜூலையில் ஃபோரத்தின் அறிக்கையை வெளியிட்டார்.

இதில் பலரும் கவனிக்காமல் விடும் செய்தி ஒன்று உண்டு. 1944-இல் தொழில் துறையைச் சேர்ந்த எட்டுப் பேர் நாட்டின் பொருளாதார வளர்ச்சிக்காக வகுத்துக் கையெழுத்திட்ட பம்பாய்த் திட்டத்தில் ஷ்ராஃபும் ஒருவர். பொருளாதாரத்தில் அரசுக்குப் பெரிய பங்கு வேண்டும் என்று ஒப்புக்கொண்ட திட்டம் அது. அதே மனிதர் பன்னிரண்டு ஆண்டு கழித்துத் தடையற்ற தொழில் முனைவுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். இந்த மாற்றத்தின் காரணங்களைத் தேடினாலே உங்கள் சங்கத்துக்கு ஓர் ஆண்டு படிப்பு கிடைக்கும். அதனால்தான் "தனியார் எதிர் அரசு" என்று இரண்டு அணியாகக் கோடு போட்டுவிட்டு வேலையைத் தொடங்கக் கூடாது.

ஃபோரத்தின் கருவிகள் மிக எளியவை: பொதுச் சொற்பொழிவு, அதை அச்சிட்ட சிறு வெளியீடு, கல்லூரி மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டி. சட்ட அறிஞர் நானி பால்கிவாலா 1958-இல் மும்பையில் ஒரு ஓட்டல் அரங்கில் தொடங்கிய மத்திய பட்ஜெட் சொற்பொழிவு, கூட்டம் பெருகிப் பெருகிக் கடைசியில் பிரபோர்ன் ஸ்டேடியத்துக்கே போனது. கையில் காகிதம் இல்லாமல், வரி விகிதங்களைச் சாதாரண ஆளுக்கும் புரியும்படி அவர் பேசினார். ஃபோரத்தைப் பல ஆண்டுகள் நடத்திய எம்.ஆர். பாய், வங்கிகளில் பணம் போட்டவர்களின் உரிமைக்காகவும் தனிச் சங்கம் வைத்துப் பாடுபட்டவர். தொழில் சுதந்திரத்தைப் பேசியவர் வாடிக்கையாளரின் பக்கமும் நின்றதால் அவர் சொல்லுக்கு மதிப்பு கூடியது.

1959-இல் ராஜாஜியின் தலைமையில் சுதந்திராக் கட்சி சென்னையில் உருவானபோது ஃபோரத்தில் இருந்த சிலர் அதற்கு உதவினார்கள். அமைப்போ கட்சியின் கிளையாக மாறாமல் தனியாகவே நின்றது. எழுபதுகளில் கட்சி கரைந்துபோனது, ஃபோரம் தொடர்ந்து இயங்கியது. உங்கள் ஒன்பது பேரில் யாராவது ஒரு கட்சியில் பொறுப்பில் இருந்தால் அவர் உறுப்பினராக இருக்கட்டும், நிர்வாகப் பொறுப்பு வேண்டாம். இதைப் பைலாவிலேயே, அதாவது சங்கத்தின் விதிகளிலேயே, எழுதிவிடுங்கள்.

இன்னொரு முன்மாதிரி அமெரிக்காவில் இருக்கிறது. அசோசியேஷன் ஆஃப் பிரைவேட் என்டர்ப்ரைஸ் எஜுகேஷன் என்பது பொருளாதாரம், தத்துவம், அரசியல் ஆகிய துறைகளின் ஆசிரியர்களும் தொழில் துறையினரும் சேர்ந்து நடத்தும் லாப நோக்கற்ற சங்கம். ஆண்டுக்கொரு மாநாடு நடத்துகிறது, துறை அறிஞர்களின் மதிப்பீட்டுக்குப் பிறகு கட்டுரைகளை வெளியிடும் ஒரு ஆய்விதழையும் கொண்டுவருகிறது. மும்பை முறை பொதுமக்களை நோக்கியது, அமெரிக்க முறை ஆசிரியர்களை நோக்கியது. ஒன்பது பேருக்கு ஆய்விதழ் தாங்காது. கட்டுரை வரத்தும் மதிப்பீட்டாளரும் போதாமல் இரண்டாவது இதழோடு நின்றுபோகும். மும்பை வழியில் தொடங்குங்கள்.

அமெரிக்காவிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் பணத்தைப் பற்றியது. ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2008-இல் தொழிலதிபர் சார்லஸ் கோக்கின் அறக்கட்டளையோடு செய்த ஒப்பந்தம், பொருளாதாரத் துறையில் அந்த நிதியில் நியமிக்கப்படும் ஆசிரியர்களைப் பற்றி நன்கொடையாளர் தரப்பும் கருத்துச் சொல்ல இடம் கொடுத்திருந்தது. 2011-இல் செய்தி வெளியானதும் பெரிய கண்டனம் எழுந்தது. 2018-இல் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் தலைவரே, பழைய நன்கொடை ஒப்பந்தங்கள் சில கல்விச் சுதந்திரத்துக்கு வேண்டிய தரத்தில் இல்லை என்று ஒப்புக்கொண்டார். அங்கே வேலை செய்த பொருளாதார அறிஞர்கள் பலர் நேர்மையானவர்கள். ஆனாலும் அவர்கள் எழுதியதையெல்லாம் "இதற்கு யார் பணம் கொடுத்தது?" என்ற கேள்வியோடுதான் மற்றவர்கள் படித்தார்கள். ஆகவே நன்கொடை விதியை முதல் ரூபாய் வருவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். பணம் கொடுத்த பிறகு விதி எழுதினால் கொடுத்தவர் அதைத் தன்மேல் சந்தேகமாக எடுத்துக்கொள்வார். நான் சொல்வது நான்கு வரி:

எந்த ஒரு நன்கொடையாளரின் தொகையும் ஆண்டு வரவில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது (முதல் இரண்டு ஆண்டுக்கு வேண்டுமானால் மூன்றில் ஒரு பங்கு). தலைப்பு, பேச்சாளர், முடிவு ஆகிய மூன்றிலும் நன்கொடையாளருக்குச் சொல் இல்லை. ரூ.10,000-க்கு மேல் கொடுத்த ஒவ்வொருவரின் பெயரும் ஆண்டறிக்கையில் வரும். ஒரு நிறுவனத்தைப் பற்றிய ஆய்வுக்கு அந்த நிறுவனத்திடமோ அதன் போட்டியாளரிடமோ பணம் வாங்கக் கூடாது.

இனி பதிவு.

மூன்று வடிவங்கள் உண்டு. அறக்கட்டளையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சீக்கிரம் பதிந்துவிடலாம், ஆனால் அதிகாரம் அறங்காவலர் கையிலேயே இருக்கும். உறுப்பினர் வளரும் அமைப்புக்குப் பொருந்தாது. 2013 கம்பெனிச் சட்டத்தின் 8-ஆம் பிரிவுக் கம்பெனி கட்டுக்கோப்பானது, ஆனால் ஆண்டுதோறும் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டியவை அதிகம், செலவும் கூடுதல். உங்களுக்கு ஏற்றது 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம். குறைந்தது ஏழு பேர் போதும், நீங்கள் ஒன்பது பேர் இருக்கிறீர்கள். செயற்குழுவில் மூன்று பேருக்குக் குறையக் கூடாது, அதன் பதவிக்காலம் மூன்று ஆண்டைத் தாண்டக் கூடாது. விண்ணப்பம் பதிவுத் துறையின் இணையதளம் வழியாக மாவட்டப் பதிவாளருக்குப் போகும்.

இந்தச் சட்டம் எந்தெந்த நோக்கத்துக்காகச் சங்கம் பதியலாம் என்று ஒரு பட்டியல் கொடுக்கிறது. கல்வி, இலக்கியம், அறிவியல் என்று போகும் அந்தப் பட்டியலில் "பயனுள்ள அறிவைப் பரப்புதல்" என்பதும் உண்டு. உங்கள் நோக்க வாசகம் உட்கார வேண்டிய இடம் அதுதான். ஏறத்தாழ இப்படி எழுதலாம்:

"தொழில், வணிகம், சந்தை, தனியார் முனைவு ஆகியவை இயங்கும் முறையையும் அவற்றால் சமுதாயத்துக்கு விளையும் நன்மை தீமைகளையும் பற்றிய படிப்பையும் ஆய்வையும் ஊக்குவித்து, அதனால் கிடைக்கும் பயனுள்ள அறிவைச் சாதி, மதம், பாலினம், தொழில் வேறுபாடின்றிப் பொதுமக்கள் அனைவருக்கும் பரப்புதல்."

"நன்மை தீமைகளையும்" என்ற சொல்லை யாராவது வெட்டச் சொன்னால் விடாதீர்கள். "பொதுமக்கள் அனைவருக்கும்" என்பது வரிவிலக்குக்கு உயிர்நாடி. பயன் உறுப்பினர்களுக்கு மட்டும் என்று படித்தால் அது தர்ம காரியம் ஆகாது. "உறுப்பினர்களின் தொழில் நலனைப் பாதுகாத்தல்", "வேலைவாய்ப்பு பெற்றுத் தருதல்", "கடன் பெற உதவுதல்" போன்ற வரிகளை வேறு சங்கத்தின் பைலாவிலிருந்து நகலெடுத்து ஒட்டிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அலுவலகக் கேள்விகள் அந்த வரிகளிலிருந்துதான் கிளம்பும்.

பைலாவில் தவறாமல் இருக்க வேண்டியவை: உறுப்பினர் சேர்க்கை, நீக்கம், சந்தா, பொதுக்குழுவுக்கு 21 நாள் முன்னறிவிப்பு, கூட்ட நிறைவெண் (குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும்), வங்கிக் கணக்கில் மூவரில் இருவர் கையெழுத்து, ஏப்ரல் முதல் மார்ச் வரை நிதியாண்டு, சங்கத்தின் வருமானமோ சொத்தோ எந்த உறுப்பினருக்கும் பங்கு போகாது என்ற விதி, கலைத்தால் எஞ்சியது இதே நோக்கமுள்ள வேறு அமைப்புக்கே போக வேண்டும் என்ற விதி. கடைசி இரண்டும் இல்லாமல் பதிவு கிடைத்துவிட்டாலும் வருமான வரி விண்ணப்பத்தில் மாட்டிக்கொள்வீர்கள். பிறகு பொதுக்குழு கூட்டி, சிறப்புத் தீர்மானம் போட்டு, திருத்தத்தைப் பதிந்து முடிப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும்.

பெயரில் "இந்திய", "தேசிய", "தமிழ்நாடு அரசு" போன்ற, அரசு அமைப்பு என்று எண்ண வைக்கும் சொற்கள் வேண்டாம். இரண்டு மூன்று பெயர்களைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். அலுவலக முகவரியாக ஒருவரின் கம்பெனி முகவரியைக் கொடுப்பதும் நல்லதல்ல. கல்லூரியோ நூலகமோ ஓர் அறை கொடுத்தால் அந்தச் சம்மதக் கடிதத்தோடு பதியுங்கள்.

பதிவுக்குப் பிறகுதான் பல சங்கங்கள் சாகின்றன. நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள், அதாவது செப்டம்பர் 30-க்குள், ஆண்டுப் பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும். தணிக்கை செய்த கணக்கு, உறுப்பினர் பட்டியல் ஆகியவற்றைப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். செயற்குழுவில் மாற்றம் வந்தால் ஏழாம் எண் படிவத்தில் தெரிவிக்க வேண்டும். அதைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் தெரியுமா? பழைய குழுவும் புதிய குழுவும் ஆளுக்கொரு படிவம் தாக்கல் செய்வார்கள். எந்தத் தேர்தல் செல்லும் என்று தீர்ப்புச் சொல்ல மாவட்டப் பதிவாளருக்கு அதிகாரம் இல்லை, உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்றுதான் பதில் வரும். வங்கி கணக்கை முடக்கிவிடும். தேர்தல் நடந்த அன்றே மினிட்ஸ் எழுதி, வந்திருந்தோர் கையெழுத்து வாங்கி, அந்த வாரத்திலேயே படிவத்தை ஏற்றிவிடுவது ஒன்றே பாதுகாப்பு.

வரிவிலக்கைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் உங்களைப் போன்ற சங்கங்கள் தடுக்கி விழும் இடம் இது. "நாங்கள் கல்வி வளர்க்கிறோம், ஆகவே கல்வி என்ற தலைப்பில் விலக்கு கிடைக்கும்" என்று நினைப்பீர்கள். லோக சிக்ஷண டிரஸ்ட் வழக்கில் 1975-இல் உச்ச நீதிமன்றம், கல்வி என்பது முறைப்படி கற்பிக்கும் பள்ளிப் படிப்பு போன்றது என்று குறுக்கிப் பொருள் சொன்னது. சொற்பொழிவும் வெளியீடும் நடத்தும் சங்கம் பெரும்பாலும் "பொதுப்பயன் தரும் பிற நோக்கம்" என்ற பிரிவில்தான் விழும். அந்தப் பிரிவுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கட்டணம் வாங்கிச் செய்யும் வணிகத் தன்மையுள்ள வேலைகளின் வரவு, மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த ஆண்டின் விலக்கு போய்விடும். மாநாட்டுக் கட்டணம், சிறப்பு மலரில் (சுவனீர்) விளம்பரம், பயிற்சி வகுப்புக் கட்டணம் எல்லாம் இந்தக் கணக்கில் வந்துவிடலாம். ஓர் ஆண்டில் ரூ.10 லட்சம் வரவு என்றால் இவை ரூ.2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். "சுவனீர் போட்டு விளம்பரம் பிடிப்போம்" என்ற யோசனை எல்லாச் சங்கத்திலும் எழும், அதைச் செய்வதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது 85 சதவீத விதி. ஆண்டு வரவில் 85 சதவீதத்தை நோக்கத்துக்காகச் செலவிட வேண்டும், 15 சதவீதத்தை நிபந்தனையின்றிச் சேர்த்து வைக்கலாம். நிறுவனர்கள் கொடுக்கும் பணத்தை மூலநிதியாக (செலவழிக்காமல் நிலையாக வைக்கும் நிதியாக) வைக்க வேண்டுமானால், "இது மூலநிதிக்கு" என்று கொடுப்பவர் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். ரசீதில் நீங்களாக எழுதிக்கொள்வது செல்லாது. மூலநிதியைச் சட்டம் அனுமதிக்கும் வகையில்தான் முதலீடு செய்ய வேண்டும், ஒரு நிறுவனரின் கம்பெனிக்குக் கடனாகக் கொடுத்தால் விலக்குக்கே ஆபத்து. நிறுவனரின் அரங்கை எடுத்துக்கொண்டு சந்தை நிலவரத்துக்கு மேல் வாடகை கொடுத்தாலும் அதே ஆபத்துதான். இலவசமாகக் கொடுத்தால் சிக்கலில்லை.

புதிதாகப் பதிந்த சங்கத்துக்கு முதலில் மூன்று ஆண்டுக்குத் தற்காலிகப் பதிவு கிடைக்கும், செயல்பாடு தொடங்கியபின் முறையான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நன்கொடையாளருக்கு வரிக் கழிவு கிடைக்கத் தனி ஒப்புதல் வேண்டும். ரொக்கமாக ரூ.2,000-க்கு மேல் வாங்கினால் அவருக்குக் கழிவு கிடைக்காது, ஆகவே காசோலையோ யுபிஐயோ போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்கொடைப் பட்டியலை ஆண்டுதோறும் துறைக்குத் தாக்கல் செய்தால்தான் அவருக்குச் சான்றிதழ் கிடைக்கும். 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்திருப்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறிவிட்டன. சங்கத்தின் விலக்குக்கு 12ஏ, நன்கொடையாளரின் கழிவுக்கு 80ஜி என்று பழக்கத்தில் சொன்னாலும் விண்ணப்பத்தில் புதிய எண்ணைப் போடுங்கள். உங்களில் ஒருவர் ஆடிட்டர் என்பது வசதிதான், ஆனால் தணிக்கையை வெளி ஆடிட்டரிடம் கொடுங்கள்.

கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்கென்று ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணத்தை முதல் ஆண்டில் எதிர்பார்க்க வேண்டாம். அதற்கு இந்த இரண்டு வரிப் பதிவுகளும் வேண்டும், அதே போன்ற பணியில் மூன்று ஆண்டு அனுபவமும் வேண்டும். வெளிநாட்டுப் பணமும் அப்படியே. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவுக்கு மூன்று ஆண்டு இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டில் நோக்கத்துக்காக ரூ.15 லட்சம் செலவிட்டிருக்க வேண்டும். பதிவு இல்லாமல், அமெரிக்காவில் வேலை பார்க்கும் நண்பர் அங்கே குடியுரிமை பெற்றவர் என்று தெரியாமல் அவரிடம் ஐயாயிரம் வாங்கினாலும் அது சட்ட மீறல். இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் இருப்பவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கடவுச்சீட்டு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் முதல் ஆண்டுப் பணம்? அறுபது உறுப்பினர், தலைக்கு ரூ.1,000 சந்தா, ஒன்பது நிறுவனர் தலைக்கு ரூ.5,000. மொத்தம் ரூ.1,05,000. இதில் ஆறு கூட்டம் (அரங்கு கல்லூரியில் இலவசம், தேநீரும் பேச்சாளர் பயணமும் சேர்த்துக் கூட்டத்துக்கு ரூ.4,000) ரூ.24,000, இரண்டு வெளியீடு, ஐநூறு ஐநூறு பிரதி, ஏறத்தாழ ரூ.20,000, நான்கு கள ஆய்வுக்கு ரூ.20,000; தணிக்கையும் தாக்கல்களும் ரூ.15,000, தபால், அச்சு, இணையம் ரூ.11,000. மொத்தம் ரூ.90,000. பெரிய நன்கொடை எதுவும் இல்லாமலே ஓர் ஆண்டு ஓடும். இப்படிச் சொந்தக் காலில் ஓடிக் காட்டிய பிறகு நன்கொடை கேட்டால், உங்கள் நிபந்தனைகளை ஏற்பவர்தான் முன்வருவார்.

வெளியீட்டைப் பற்றி ஒரு நடைமுறைக் கணக்கு. நாற்பது நிமிடத் தமிழ்ச் சொற்பொழிவை எழுத்தாக்கினால் நாலாயிரம் சொல் அளவுக்கு வரும். டெம்மி அளவுப் பக்கத்தில் 11 புள்ளி எழுத்தில் இருநூறு, இருநூற்றிருபது சொல் அடங்கும். ஆக இருபது பக்கம், முகப்பும் பதிப்பு விவரமும் சேர்த்து 24 பக்கம். எட்டின் மடங்காக இருப்பதால் தாள் வீணாகாது, நடுவில் பின் அடித்துவிடலாம். பேச்சாளர் மேடையில் சொன்ன புள்ளிவிவரம் ஒவ்வொன்றுக்கும் ஆதாரத்தை அவரிடமே கேட்டு வாங்கி, கிடைக்காததை நீக்கிவிட்டு அச்சிடுங்கள். கூட்டம் நடந்து ஆறு வாரத்துக்குள் புத்தகம் வரவேண்டும். அதைத் தாண்டினால் பேச்சாளர் திருத்தம் செய்து தர மாட்டார், கேட்டவர்களுக்கும் நினைவு போய்விடும்.

தலைப்புக்கு உங்கள் ஊரைவிட நல்ல இடம் இல்லை. 1937-இல் ரொனால்ட் கோஸ் என்ற பொருளாதார அறிஞர் ஒரு கேள்வி எழுப்பினார்: எல்லாவற்றையும் சந்தையில் விலை கொடுத்து வாங்க முடியும் என்றால் கம்பெனி என்ற ஒன்று எதற்கு? பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அவருடைய இந்தக் கேள்வி திருப்பூரில் தினமும் நடக்கிறது. நூல் ஓரிடம், நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், பிறகு காம்பாக்டிங் (துணியைச் சுருக்கிச் சீராக்குவது), கட்டிங், பவர்டேபிள் (தையல்), செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று ஒரு பனியன் எத்தனை முதலாளிகளின் வாசலை ஏறி இறங்குகிறது! சிலர் இவை எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்திருக்கிறார்கள், சிலர் ஜாப் ஒர்க்கிலேயே, அதாவது வேலையை வெளியே கூலிக்குக் கொடுத்தே, பெரிய ஆர்டர் முடிக்கிறார்கள். எந்த வேலையை வெளியே கொடுப்பது, எதை உள்ளே வைத்துக்கொள்வது என்று எதைப் பார்த்து முடிவு செய்கிறார்கள்? தரம் தவறினால் நஷ்டம் யாருடையது? துணி தாமதமாக வந்தால் பவர்டேபிள்காரர் அந்த நாள் கூலியை யாரிடம் கேட்பார்? பத்து ஜாப் ஒர்க் யூனிட், நான்கு ஏற்றுமதி நிறுவனம், பீஸ் ரேட்டுக்கு வேலை செய்யும் இருபது தொழிலாளர் என்று பேட்டி எடுத்தாலே பாடநூலில் இல்லாத செய்தி கிடைக்கும்.

அதே ஊரின் இன்னொரு பக்கத்தையும் முதல் ஆண்டிலேயே எடுங்கள். சாயக்கழிவு நொய்யல் ஆற்றில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணை கழிவுத் தேக்கமாக மாறி, கீழே இருந்த உழவர்கள் ஆண்டுக்கணக்கில் வழக்காடியதன் முடிவில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத சுத்திகரிப்பு என்ற நிலைக்குத் தொழில் வந்தது அதற்குப் பிறகுதான். உற்பத்தியாளர் விலையில் சேர்க்காத செலவை ஆற்றங்கரைக்காரர் சுமந்தார். தனியார் தொழிலைப் படிக்கிறோம் என்று சொல்லும் சங்கம் இதைப் பேசாமல் கடந்துபோனால், மற்ற எதைப் பேசினாலும் விளம்பரம் என்றுதான் ஊர் எடுத்துக்கொள்ளும். உழவரையும் பட்டறைக்காரரையும் ஒரே மேடையில் ஏற்றாதீர்கள், கூட்டம் சண்டையில் முடியும். தனித்தனியாகப் பேட்டி எடுத்து, இரண்டையும் ஒரே வெளியீட்டில் பக்கம் பக்கமாகப் போடுங்கள்.

கள ஆய்வுக்குச் சில குறிப்புகள். கம்பெனியாகப் பதிந்த நிறுவனத்தின் ஆண்டுக் கணக்குகளை கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் ரூ.100 கட்டிப் பார்க்கலாம். பங்குதாரர் நிறுவனத்துக்கும் தனிநபர் தொழிலுக்கும் அந்த வழி இல்லை, அவர்கள் சொல்வதுதான் ஆதாரம். ஆகவே கூலிச் சீட்டு, மின்கட்டண ரசீது போன்ற இரண்டாவது சான்றைப் பார்க்கக் கேளுங்கள். பேட்டிக்கு முன் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பெயரை மறைப்பதாகச் சொன்னால் ஊரையும் இயந்திர எண்ணிக்கையையும் சேர்த்து மறையுங்கள், இல்லாவிட்டால் பக்கத்துத் தெருவுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஆய்வு ஆறு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். பழைய வரலாறு வேண்டுமென்றால் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இருக்கின்றன.

மாணவர் பேச்சுப் போட்டியில் தலைப்பிலேயே முடிவு இருந்தால் பிள்ளைகள் மேற்கோளை மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டுப் போவார்கள். "தனியார்மயமே தீர்வு" என்று கொடுக்காதீர்கள். "எங்கள் ஊர்ப் பேருந்தை யார் ஓட்டுவது?" என்று கொடுங்கள். மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912-இல் தொடங்கிய பேருந்துச் சேவை, எழுபதுகளின் தொடக்கத்தில் பேருந்துகள் அரசுடைமையானது, இன்றும் மாவட்டங்களில் ஒரே வழித்தடத்தில் அரசுப் பேருந்தும் தனியார் பேருந்தும் அடுத்தடுத்து ஓடுவது எல்லாம் அதற்குள் வந்துவிடும். போட்டிக்கு ஒரு மாதம் முன்பு, ஒரு வழித்தடத்தில் ஒரு நாள் நின்று இரண்டு வகைப் பேருந்தின் நேரம், பயணிகள் எண்ணிக்கை, கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று குறித்து வரச் சொல்லுங்கள். அந்தக் குறிப்புக்கு நூற்றுக்கு நாற்பது மதிப்பெண் வையுங்கள். கூட்டம் குறைந்த இரவு வண்டியை யார் ஓட்டுகிறார்கள், மகளிர் கட்டணமில்லாப் பயணத்தின் செலவை யார் ஏற்கிறார்கள் என்ற கேள்விகள் நின்று எண்ணிய பிள்ளைக்குத் தானாக எழும்.

நாள் வரிசை இப்படி அமையலாம். முதல் இரண்டு மாதம் பைலாவும் நன்கொடை விதியும். மூன்றாம் மாதம் பதிவு விண்ணப்பம். சான்றிதழ் வந்ததும் பான், வங்கிக் கணக்கு, வரிப் பதிவு விண்ணப்பம். கூட்டங்களை இதற்காகக் காத்திருக்க விடாதீர்கள், கல்லூரியின் வணிகவியல் துறையோடு சேர்ந்து இப்போதே நடத்தலாம். ஆனால் சட்டப்படி இருபது உறுப்பினர் சேர்ந்துவிட்டாலோ, ஆண்டு வரவோ செலவோ ரூ.10,000-ஐ எட்டிவிட்டாலோ பதிவு கட்டாயம் என்பதால், அதுவரை சந்தா வசூலிக்காமல் இருங்கள். முதல் கூட்டத்தைப் பட்ஜெட் வரும் பிப்ரவரியில் வைக்க ஆசை வரும். அந்த வாரத்தில் எல்லா வர்த்தக சபையும் பட்ஜெட் கூட்டம் போடும், பேச்சாளரும் கிடைக்க மாட்டார், ஆளும் வர மாட்டார். ஜூலையில், கல்லூரி திறந்து மூச்சு விட்ட பிறகு, ஒரு சனிக்கிழமை மாலையில் பனியன் எத்தனை வாசல் ஏறி இறங்குகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். நாற்பது நிமிடம் பேச்சு, ஐம்பது நிமிடம் கேள்வி. பவர்டேபிள் நடத்தும் ஒருவரையாவது முன்வரிசையில் உட்கார வையுங்கள்.